விரித்துப் பார்த்துவிட்டு அழியுங்கள்

பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டு ஒன்றை முழுசாக வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த ஃபைலின் வால் என்ன என்றுதான் முதலில் கேட்பேன். ஐஎஸ்ஓவா, பின்-க்யூவா, சிஎஸ்ஓவா, சிஹெச்டியா, ஆர்விஇசட்டா? அந்த இரண்டு மூன்று எழுத்தில் பாதிக் கதை தெரிந்துவிடும். அந்த வால் ஒட்டுவதற்கு முன் அது யார் கையில் என்ன பாடுபட்டது என்பதில் மீதிக் கதை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாகும்.

என் அப்பா பெங்களூரு அல்சூர் பஜார் தெருவில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கு பார்த்துக் காசு வாங்கிப் பையன்களை விளையாட விடும் கடை. பள்ளி விட்டதும் மர்ஃபி டவுன், ஜோகுபாளையா பையன்கள் புத்தகப் பையோடு வந்து பெஞ்சில் இடம் பிடிப்பார்கள். தமிழ், கன்னடம், தக்கினி உருது மூன்றும் கலந்த சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். இப்போது ஒயிட்ஃபீல்டில் டேட்டா ஸ்டோரேஜ் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எழுதிய தரவு எழுதியபடியே திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கடையின் பின்னறையில் உட்காருவேன். பழைய கன்சோல் வைத்திருப்பவர்கள் ஹார்ட் டிஸ்க்கும் பென் டிரைவுமாக வருவார்கள். சுருக்கி வைத்த விளையாட்டுகளை அசல் வடிவத்துக்குத் திருப்பித் தரச் சொல்வார்கள்.

எதற்குத் திருப்ப வேண்டும், சுருக்கியபடியே ஓடுகிறதே என்று கேட்கலாம். கம்ப்யூட்டரில் கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓடும்தான். ஆனால் உண்மையான பிளேஸ்டேஷன் 2 பெட்டியில் டிஸ்க்காகப் போட்டு விளையாட டிஸ்க்கின் முழு நகலான அசல் இமேஜ்தான் வேண்டும். ஜப்பானிய விளையாட்டு ஒன்றுக்கு ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்க்க வேண்டுமானால், அந்த பேட்ச் அசல் இமேஜின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. ஒரு பைட் மாறினாலும் ஏற்காது. எல்லாவற்றுக்கும் மேல், சுருக்கும் வடிவங்கள் வரும், போகும். பத்து வருடம் கழித்து இன்றைய வடிவத்தைத் திறக்க எந்தக் கருவி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை வரிசை மாறாமல் எடுத்த இமேஜை எந்தக் காலத்திலும் படித்துவிடலாம்.

சுருக்கும் கலை புதிதல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த ஜேக்கப் சிவ், ஆபிரகாம் லெம்பல் இருவரும் 1977இல் வெளியிட்ட வழிதான் இன்றைக்கும் அடித்தளம். ஏற்கெனவே வந்த எழுத்து வரிசை மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாதே. 'இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட் எடுத்துக்கொள்' என்று மட்டும் எழுது என்பது அதன் சாரம். அதோடு டேவிட் ஹஃப்மன் மாணவராக இருந்தபோது கண்டு 1952இல் வெளியிட்ட முறை சேர்ந்தது: அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி, அரிதாக வருவதற்கு நீண்ட குறி. ஜிப் ஃபைல் முதல் பிஎஸ்பி விளையாட்டு வரை இந்த இரண்டும் சேர்ந்த 'டிஃப்ளேட்' முறைதான் வேலை செய்கிறது. இந்த வழியில் போனது அப்படியே திரும்பி வரும், ஒரு பிட் குறையாமல். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

பிஎஸ்பியின் சிஎஸ்ஓவையே எடுத்துக்கொள்வோம். சோனியின் அந்தக் கையடக்கக் கருவிக்கு யுஎம்டி என்ற சின்ன டிஸ்க்கில் விளையாட்டு வந்தது. அதன் கொள்ளளவு அதிகபட்சம் 1.8 ஜிபி. அன்றைக்கு மெமரி ஸ்டிக் விலை கையைக் கடிக்கும். ஒரு கார்டில் இரண்டு விளையாட்டாவது அடங்க வேண்டும் என்ற தேவையில் பிறந்ததுதான் சிஎஸ்ஓ. ஃபைலின் தலையில் சி, ஐ, எஸ், ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அடுத்து, அசல் இமேஜின் அளவு என்ன, எத்தனை பைட் துண்டுகளாக அது வெட்டப்பட்டது என்ற விவரம். வழக்கமாக 2048 பைட். பிறகு ஒரு அட்டவணை: ஒவ்வொரு துண்டும் ஃபைலில் எங்கே தொடங்குகிறது என்று நான்கு நான்கு பைட்டாக எழுதியிருக்கும். சுருக்கினாலும் சிறுக்காத துண்டு என்றால் அப்படியே வைத்துவிட்டு, அதற்கு அடையாளமாக ஒரு பிட்டை மட்டும் ஏற்றி வைப்பார்கள்.

இந்த அட்டவணையால்தான் சுருக்கியபடியே விளையாட முடிகிறது. விளையாட்டு கேட்கும் துண்டை மட்டும் திறந்து கொடுத்தால் போதும். அசலுக்குத் திருப்புவது என்றால் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை வரிசையாகத் திறந்து எழுத வேண்டும். மேக்ஸ்சிஎஸ்ஓ போன்ற இலவசக் கருவி சில நிமிடங்களில் முடித்துவிடும். முடிந்ததும் வெளியே வந்த ஐஎஸ்ஓவின் அளவும் தலையில் எழுதியிருக்கும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். அது முதல் சோதனை.

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும். சிடி டிஸ்க் வந்தால் கதை நீளும்.

ஒரு சிடியின் செக்டர் 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் அதில் 2048 பைட்தான் நாம் வைக்கும் தரவு. மீதி 304 பைட்டில் 12 பைட் ஒத்திசைவுக்கு, 4 பைட் முகவரிக்கு, 4 பைட் பிழை கண்டுபிடிக்க, 8 பைட் வெறும் சுழி, 276 பைட் பிழை திருத்த. கீறல் விழுந்த சிடியும் ஓரளவு படிக்கக் காரணம் அந்த 276 பைட்டும் அதற்கு அடியில் உள்ள இன்னொரு திருத்த அடுக்கும்தான். 74 நிமிட சிடியில் 3,33,000 செக்டர்கள். அப்படியானால் இந்த 304 பைட் மட்டுமே 10 கோடி பைட்டைத் தாண்டும்.

இடத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் முதலில் கை வைப்பது இதில்தான். நீல் கார்லெட் என்பவர் எழுதிய ஈசிஎம் என்ற கருவி அதைச் சரியாகச் செய்தது. பிழை திருத்தும் பைட்டுகளைத் தரவிலிருந்தே மறுபடி கணக்கிட முடியுமா என்று பார்க்கும். முடிந்தால் அவற்றை விட்டுவிடும், முடியாத செக்டரை அப்படியே வைத்துக்கொள்ளும். திருப்பும்போது கணக்கிட்டு நிரப்பும். சிலர் இந்த யோசனை எதுவும் இல்லாமல் பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கை 2048 பைட் ஐஎஸ்ஓவாக மாற்றிவிடுவார்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கில் இரண்டு வகை செக்டர் கலந்திருக்கும். வீடியோவின் ஒலி, குரல் ஓடும் செக்டர்களில் பிழை திருத்தத்துக்கு இடம் ஒதுக்காமல் 2324 பைட் வரை தரவையே வைத்திருப்பார்கள். அதை 2048ஆக வெட்டினால் ஒவ்வொரு செக்டரிலும் 276 பைட் தரவு போய்விடும். அறிமுகப் படம் ஓடாது, பேச்சு வராது. அப்படி வெட்டிய ஃபைலிலிருந்து அசலை எடுக்க யாராலும் முடியாது.

பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பது ஒன்று, பெட்டி சின்னது என்று முந்தானையை வெட்டிவிட்டு வைப்பது வேறு. இரண்டையும் 'கம்ப்ரெஸ்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். கடையில் நான் அதிக நேரம் செலவழிப்பது, வந்திருப்பது மடித்ததா வெட்டியதா என்று பார்ப்பதில்தான்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். ஜப்பானிய மொழியில் மட்டும் வந்த பிளேஸ்டேஷன் 1 விளையாட்டு, சிஹெச்டி வடிவத்தில்.

"அக்கா, இங்கிலீஷ் பேட்ச் போட்டா மூல ஃபைல் பொருந்தலைன்னு சொல்லுது. சிஹெச்டியை பிரிச்சுட்டுதான் போட்டேன்."

"எத்தனை பின் ஃபைல் வந்துச்சுப்பா?"

"ஒண்ணுதான்க்கா."

"க்யூ ஃபைலைத் திற. எத்தனை டிராக் போட்டிருக்கு?"

டிராக்குகளைப் பட்டியலிடும் அந்த ஃபைலில் டேட்டா டிராக் ஒன்று, பிறகு வரிசையாகப் பாட்டு டிராக்குகள். பேட்ச் எழுதியவர் முதல் டிராக்கை மட்டும் தனி ஃபைலாக வைத்து எழுதியிருந்தார். இவனிடம் இருந்ததோ எல்லா டிராக்கும் ஒட்டிய ஒரே நீளமான ஃபைல். தரவில் குறையே இல்லை. க்யூ ஃபைலில் உள்ள நேரக் கணக்கைப் பார்த்து டிராக் டிராக்காகப் பிரித்துக் கொடுத்தேன். பேட்ச் உட்கார்ந்தது.

சிஹெச்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். ஆர்கேட் இயந்திரங்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் மாமே திட்டத்துக்காக ஆரன் கைல்ஸ் உருவாக்கிய வடிவம் அது. ஆர்கேட் பெட்டிகளுக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளைச் சேமிப்பதற்காகப் பிறந்தது, பிறகு சிடிக்கும் டிவிடிக்கும் வளர்ந்தது. சிடி என்றால் தரவுப் பகுதியை ஒரு முறையிலும், பாட்டுப் பகுதியை ஒலிக்கென்றே உள்ள ஃப்ளாக் முறையிலும் சுருக்கும். ஃப்ளாக்கில் ஒலி ஒரு துளி குறையாது. பாட்டு டிராக்கை எம்பி3 ஆக்கிச் சேமித்த பழைய தொகுப்புகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எம்பி3 காதுக்குக் கேட்காது என்று கருதியதைத் தூக்கி எறிந்துவிடும். அதிலிருந்து அசல் டிராக் வரவே வராது.

சிஹெச்டியைத் திருப்ப மாமேயோடு வரும் சிஹெச்டிமேன் கருவி போதும். சிடியைப் பிரிக்க ஒரு கட்டளை, டிவிடியைப் பிரிக்க இன்னொன்று. எதை எதற்குப் போடுவது என்பது முக்கியம். பிளேஸ்டேஷன் 2இன் ஆரம்பகால விளையாட்டுகள் பல, அடிப்பக்கம் நீலமாக இருக்கும் சிடிகளில் வந்தன. அவற்றை டிவிடி என்று நினைத்துக் கையாளக் கூடாது. கருவியின் புதிய பதிப்புகளில் டிராக்குகளைத் தனித்தனி ஃபைலாகவே பிரித்து எழுதவும் வழி வந்துவிட்டது. ஸ்ரீராம்புரத்துத் தம்பிக்கு அதைத்தான் கற்றுக் கொடுத்து அனுப்பினேன்.

டிஸ்க்கில் இருந்தும் இமேஜில் இல்லாத விஷயமும் உண்டு. இந்தியா சோனியின் ஐரோப்பியப் பிரிவின் கீழ் இருந்ததால் இங்கே முறையாக விற்ற டிஸ்க்குகள் ஐரோப்பாவுக்கான 'பால்' வகை. ஐரோப்பாவுக்கென்று வந்த சில பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகளில் லிப்கிரிப்ட் என்ற பூட்டு இருந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 9இன் பால் பதிப்பு ஓர் உதாரணம். பூட்டின் சாவி 2352 பைட்டுக்குள் இருக்காது. அதற்கு வெளியே சப்-சேனல் என்ற 96 பைட் பகுதியில், சில செக்டர்களில் வேண்டுமென்றே செய்த பிழையாக ஒளிந்திருக்கும். சாதாரண பின் ஃபைல் அதை எடுத்துக்கொள்ளாது. விளையாட்டு தொடங்கும், கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அந்தப் பிழைகளின் பட்டியலை எஸ்பிஐ என்ற குட்டி ஃபைலாகத் தனியே வைப்பார்கள். விரித்த இமேஜின் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும். பெரிய ஃபைலைப் பத்திரப்படுத்திவிட்டு இந்தக் குட்டியை அழித்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

நின்டெண்டோ டிஸ்க்குகளில் சிக்கல் வேறு மாதிரி. கேம்கியூப் டிஸ்க் ஒவ்வொன்றும் சரியாக 1,45,99,78,240 பைட். விளையாட்டு சில பத்து எம்பிதான் என்றாலும் டிஸ்க் நிரம்பியே இருக்கும். மீதி இடத்தில் சுழியைப் போட்டிருந்தால் எந்தச் சுருக்கும் கருவியும் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். நின்டெண்டோ அங்கே தாறுமாறாகத் தெரியும் எண்களை நிரப்பியது. மறுபடி வரும் வரிசை இல்லாததால் சிவ்-லெம்பல் வழி அங்கே பலிக்காது. அதனால் பலர் அந்தக் குப்பையைச் சுழியாக்கிவிட்டுச் சுருக்கினார்கள். விளையாட்டு ஓடும், ஆனால் விரித்தால் கிடைப்பது நின்டெண்டோ அச்சடித்த டிஸ்க் இல்லை. வீ கன்சோலுக்கான டபிள்யூபிஎஃப்எஸ் வடிவமும் பயன்படாத பகுதிகளை விட்டுவிடும்.

பிறகு கண்டுபிடித்தார்கள்: தாறுமாறு எண்கள் உண்மையில் தாறுமாறு இல்லை. ஒரு கணக்கு வாய்பாட்டில் ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் வரிசையாக வந்துவிழும் எண்கள்தான் அவை. அப்படியானால் நூறு கோடி பைட் குப்பையைச் சேமிக்கத் தேவையில்லை, தொடக்க எண்ணைச் சேமித்தால் போதும். டால்ஃபின் எமுலேட்டர் குழு 2020இல் கொண்டுவந்த ஆர்விஇசட் வடிவம் இதைத்தான் செய்கிறது. வீ டிஸ்க் இன்னும் கடினம். அதன் ஓரடுக்கு டிஸ்க் 4,69,99,79,776 பைட். உள்ளே உள்ள தரவு ஏஇஎஸ் முறையில் பூட்டப்பட்டது, பூட்டிய தரவு சுருங்காது. ஆர்விஇசட் பூட்டைத் திறந்து சேமிக்கிறது. ஒவ்வொரு 32,768 பைட்டிலும் 1,024 பைட் சரிபார்ப்பு எண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும், அவற்றையும் விட்டுவிடுகிறது. ஐஎஸ்ஓவாகத் திருப்பும்போது குப்பையை மறுபடி உற்பத்தி செய்து, சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு, மறுபடி பூட்டி, ஒரு பிட் மாறாத டிஸ்க்கைக் கையில் தருகிறது. பொழுதுபோக்குக்காக எழுதும் மனிதர்கள் சம்பளம் வாங்காமல் செய்த வேலை இது. என் அலுவலகத்தில் இதைவிடக் கவனமான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

இவ்வளவும் திரும்பி வந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? விளையாடிப் பார்த்தேன், ஓடுகிறது என்பார்கள். அது சான்று ஆகாது. பதினைந்து மணி நேரம் கழித்து வரும் ஒரு காட்சியில் கெட்ட செக்டர் இருக்கலாம். அதற்குத்தான் ஹாஷ். எத்தனை ஜிபி ஃபைலாக இருந்தாலும் எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்கைப் போட்டால் 40 எழுத்து கொண்ட ஒரு குறி வரும். உள்ளே ஒரு பிட் மாறினாலும் குறி முழுசும் மாறிவிடும்.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிஹெச்டி தன் உள்ளேயே அசல் தரவின் எஸ்ஹெச்ஏ-1ஐ எழுதி வைத்திருக்கும்; சரிபார்க்கச் சொன்னால் 'எல்லாம் சரி' என்று சொல்லும். சுருக்கிய நாளிலிருந்து இன்றுவரை கெடவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். சுருக்குவதற்கு முன்பே வெட்டுப்பட்ட இமேஜாக இருந்தால், வெட்டுப்பட்டதையே பத்திரமாகக் காத்திருக்கிறது என்றாகும். அசல் டிஸ்க்கோடு ஒத்துப்போகிறதா என்று அறிய வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். ரீடம்ப் என்ற திட்டம் அந்தச் சாட்சிகளைத் திரட்டுகிறது. உலகின் வெவ்வேறு மூலையில் இருப்பவர்கள் தங்கள் கையில் உள்ள அசல் டிஸ்க்கைப் படித்து அளவையும் ஹாஷையும் பதிகிறார்கள். அவர்கள் திரட்டுவது விளையாட்டின் விவரங்களையும் குறிகளையும்தான். தனித்தனியாகப் படித்த இருவரின் குறி ஒத்துப்போனால் அந்த டிஸ்க்கின் உண்மை வடிவம் அதுதான் என்று நம்பலாம்.

கெட்ட செய்தி சொல்லும் ஞாயிறுகளும் உண்டு. கம்மனஹள்ளியிலிருந்து ஒரு பெரியவர், என் அப்பா கடைக்கு அந்தக் காலத்தில் மகனைக் கூட்டிவந்தவர், மெஜஸ்டிக் பக்கம் வாங்கிய டிவிடிகள் நிறைந்த அட்டைப் பெட்டியோடு வந்தார். துபாயில் இருக்கும் மகனுக்கு எல்லாவற்றையும் அசலாக்கி அனுப்ப வேண்டும் என்றார். அதில் காட் ஆஃப் வார் 2 இருந்தது. அது இரண்டடுக்கு டிவிடியில் வந்த விளையாட்டு. அந்த டிஸ்க்கில் 8.5 ஜிபி வரை கொள்ளும். தெருவில் விற்றவர்கள் மலிவான 4.7 ஜிபி டிவிடியில் அதை அடைக்க வேண்டியிருந்தது. படக்காட்சிகளின் தரத்தைக் குறைத்தார்கள், வேற்றுமொழிக் குரல்களை எடுத்தார்கள். ட்ரீம்காஸ்ட் விளையாட்டுகளுக்கும் இதே கதிதான். 1 ஜிபி கொள்ளும் ஜிடி-ராமில் வந்ததை 700 எம்பி சிடியில் திணிக்க இசையின் தரத்தைக் குறைத்தார்கள். "அங்கிள், இதுல அசல் உள்ளயே இல்ல. எந்த மெஷினும் வெளிய கொண்டுவராது" என்றேன். அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யான நம்பிக்கை கொடுப்பதைவிட இது மேல்.

உலகப் புகழ் பெற்ற விளையாட்டுக்கு நம் பெட்டியில் இருப்பது கெட்டாலும் எங்கோ ஒரு நல்ல டிஸ்க் இருக்கும். நம் ஊரில் செய்தவற்றுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. என் கவலை முழுதும் அதைப் பற்றித்தான்.

ஐதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. இந்தியாவிலேயே முழுவதும் உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு அது. கடவுளைக் கையில் பிடித்த கன்ட்ரோலரால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து ராஜன் செட் என்பவர் அதைத் திரும்பப் பெறச் சொல்லி அறிக்கை விட்டதும் நடந்தது. அதே ஆண்டு, அதே ஊரின் கேம்சாஸ்திரா 'தேசி அட்டா: கேம்ஸ் ஆஃப் இந்தியா'வைக் கொண்டுவந்தது, கபடி, கிட்டிப்புள், பட்டம் எல்லாம் அதில் விளையாடலாம். 2010இல் மும்பை ட்ரைன் கேம்ஸின் 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்'. 2011இல் ஷாருக் கான் படத்தை ஒட்டி 'ரா.ஒன்'. 15 கோடிக்கும் மேல் விற்ற பிளேஸ்டேஷன் 2இன் உற்பத்தியை 2013 ஜனவரியோடு சோனி உலகம் முழுதும் நிறுத்தியது; மற்ற நாடுகள் அந்தப் பெட்டியை மறந்துகொண்டிருந்த கடைசி ஆண்டுகளில் இந்திய ஸ்டுடியோக்கள் அதற்குப் புதிய விளையாட்டு செய்துகொண்டிருந்தன. இவை மகத்தான விளையாட்டுகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிட்டிப்புள்ளை இந்தியக் கைகள் கன்சோலில் செய்து பார்த்தது அப்போதுதான். எப்படிச் செய்தார்கள், எங்கே திணறினார்கள் என்பதை வருங்காலத்தில் ஒரு மாணவி பார்க்க விரும்பினால் அந்த டிஸ்க் முழுதாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் முறையாக வாங்கக் கிடைக்காதவை என்று அது கணக்கிட்டது. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போக வேண்டும். அந்தச் சட்டம் நூல்களையும் இதழ்களையும் மட்டுமே பேசுகிறது. விளையாட்டு டிஸ்க்குக்கு அதில் இடமில்லை.

பெங்களூருவுக்கு இதில் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். 1997இல் ராஜேஷ் ராவ் துருவா இன்டராக்டிவைத் தொடங்கியது இந்த ஊரில்தான்; இந்தியாவின் முதல் விளையாட்டு நிறுவனங்களில் ஒன்று அது, 2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கியது. அனிமேஷன், விளையாட்டுத் துறைக்கென்று 2012இலேயே கொள்கை வகுத்த முதல் மாநிலம் கர்நாடகா. உருவாக்குவதற்கு அக்கறை காட்டிய அரசு, உருவானதைக் காக்கவும் கப்பன் பூங்கா நூலகத்திலோ ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திலோ ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும்.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர் இழப்புக்கோ சேதத்துக்கோ எதிராகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை உங்களுக்காகப் பாதுகாப்பது ஒன்று, பென் டிரைவில் போட்டு விற்பது வேறு. விற்பவர்களுக்கு என் கடையில் வேலை செய்து கொடுப்பதில்லை.

உங்கள் பரணில் ஹனுமானோ தேசி அட்டாவோ கிடந்தால், அல்லது உங்களுக்குப் பிரியமான எந்த அசல் டிஸ்க்காக இருந்தாலும், கீறல் இல்லாதபோதே இமேஜ் எடுத்துவிடுங்கள். டிவிடி என்றால் ஐஎஸ்ஓ, சிடி என்றால் 2352 பைட் முழுதும் கொண்ட பின்-க்யூ. இரண்டு முறை படித்து இரண்டின் ஹாஷும் ஒன்றா என்று பாருங்கள். அந்த 40 எழுத்தை ஒரு தாளில் எழுதி டிஸ்க் பெட்டிக்குள் வையுங்கள். பிறகு இடம் போதவில்லை என்றால் தாராளமாகச் சுருக்குங்கள். சிஹெச்டி நல்லது, நின்டெண்டோவுக்கு ஆர்விஇசட். சுருக்கியதை வேறொரு ஃபோல்டரில் ஒருமுறை விரித்து, தாளில் எழுதிய குறியோடு ஒத்துப் பாருங்கள். சிடியாக இருந்தால் டிராக் டிராக்காக ஒத்துப் பாருங்கள். பொருந்தியபின் மட்டும் பெரிய ஃபைலை அழியுங்கள். இந்திய விளையாட்டின் டிஸ்க்காக இருந்தால் அதன் குறியை ரீடம்பில் பதிந்துவிடுங்கள், டிஸ்க்கை மட்டும் எக்காரணம் கொண்டும் பழைய பொருள்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.